திருமலையில் தனியாக ஒரு நாள்: நூதனசாலையைப் பார்த்தேன், மயான காண்டத்தைத் தவறவிட்டேன்

1. வாவிக்கரை (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். முப்பத்து மூன்று ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். திருகோணமலைக்குப் பத்துத் தடவையாவது போயிருப்பேன், ஆனால் எல்லாமே பாடசாலைச் சுற்றுலா. பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளின் தலைகளை எண்ணியே பொழுது போய்விடும். சென்ற மாதம்தான் முதல் தடவையாக எனக்காக மட்டும் அந்த ஊரைப் பார்க்கப் போனேன்.

விடியற்காலைப் பஸ்ஸில் வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகப் பயணம். நான் சிறுமியாக இருந்தபோது இந்தப் பாதையில் பாலங்கள் இல்லை. ஒவ்வொரு துறையிலும் பஸ் இறங்கி, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறும். எந்தத் துறையில் எவ்வளவு நேரம் காத்திருப்போம் என்று எவராலும் சொல்ல முடியாது. கிண்ணியாவில் 2009இல் திறந்த பாலத்தை இப்போது சில நிமிடங்களில் கடந்துவிடுகிறோம். 396 மீற்றர் நீளம். பஸ் அதில் ஓடியபோது பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஜன்னல் வழியே பழைய துறை இருந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே காட்டினார்.

காலையில் கோட்டை. வாசலில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. உள்ளே போகும்போது நிலைக்கல்லில் இணைக்கயல் என்ற இரட்டை மீன் சின்னத்தையும் சிதைந்த தமிழ் எழுத்துகளையும் பார்த்தேன். அந்தக் கல்லின் கீழ் இத்தனை தடவை பிள்ளைகளை நடத்திப்போயும் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று மனம் வருந்தியது. பிறகு கோணேசர் கோவில், இராவணன் வெட்டு. மலை உச்சியில் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. மதியச் சோற்றுக்குப் பின் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் இருக்கும் கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலைக்குப் போனேன். தடித்த சுவர்கள், நல்ல குளிர்ச்சி. ஒன்றரை மணி நேரம் நின்று வாசித்தேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று துறைமுகத்துக்குள் வந்தவர்கள் எல்லோரும் வரிசையாக வந்துபோனார்கள். வெளியே வந்து கடலைப் பார்த்தபடி நின்றபோது ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை பேர் வந்து இறங்கியபோது கரையில் நின்ற நம்மவர்கள் எங்கே?

அன்றிரவு நகரத்துக்கு வெளியே ஒரு கோவில் திருவிழாவில் அரிச்சந்திரன் நாடகம் இருப்பதாகத் தேநீர்க் கடையில் சொன்னார்கள். ஓட்டோ பிடித்துப் போனேன். ஒன்பதரைக்குத்தான் தொடங்கியது. அரிச்சந்திரன் வரவுப் பாட்டோடு மேடைக்கு வந்து இரண்டு பாட்டுப் பாடியிருப்பார். நான் எழுந்துவிட்டேன். தங்கியிருந்த விடுதியில் பத்து மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். முன்பணம் வாங்கும்போது சொல்லாமல், மாலையில் திறப்பைக் கையில் தரும்போதுதான் சொன்னார்கள். ஓட்டோவில் திரும்பும் வழியெல்லாம் ஒலிபெருக்கியில் ஹார்மோனியம் கேட்டுக்கொண்டே வந்தது. அந்த ஒலி தேய்ந்து மறைந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அரிச்சந்திரன் சுடலை காக்கும் மயான காண்டத்தைச் சிறுவயதில் அப்பாவின் மடியில் இருந்து பார்த்தவள் நான்.

தனியாகப் போகும் ஒரு பெண் விடியும்வரை நாடகம் பார்க்க என்ன வழி? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

2. உவர்மலை

அக்கா, எங்கள் ஊருக்கு வந்து கண்ணீரோடு திரும்பினீர்கள் என்பதை வாசிக்கவே சங்கடமாக இருக்கிறது. இரவு விடயத்துக்கு மற்றவர்கள் நல்ல பதில் சொல்வார்கள். நான் பகலைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த நூதனசாலையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. துறைமுகத்தின் கதையைச் சொல்வதற்காக அமைத்தது, அதைச் சொல்கிறது. 1782ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் அவர்களிடமிருந்து பிடித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி இரண்டு கடற்படைகளும் இதே கடலில் மோதின. பிறகு ஒப்பந்தப்படி மறுபடியும் ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயர் திரும்பி வந்து 1957வரை கடற்படைத் தளத்தை வைத்திருந்தார்கள். சின்ன ஊர் ஒன்று இப்படிக் கை மாறியதன் காரணம் ஆழமான, புயலுக்கு ஒதுங்கக்கூடிய உட்துறைமுகம். வங்காள விரிகுடாவில் மழைக்காலம் கடுமையானால் கிழக்கு இந்தியக் கரையில் கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. இதை அங்கே இருக்கும் வரைபடங்களைப் பார்த்துத்தான் நான் பதினைந்து வயதில் விளங்கிக்கொண்டேன்.

கரையில் நின்றவர்கள் எங்கே என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கான பதில் கோட்டை வாசலிலேயே இருக்கிறது. நீங்கள் பார்த்த கல்லில் "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை" என்று தொடங்கும் வெண்பாவின் துண்டு இருக்கிறது. குளக்கோட்டன் கோணேசர் கோவிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன். 1622 ஏப்ரலில் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்தார்கள், அன்று சித்திரைப் புத்தாண்டு. இடித்த கற்களைக் கொண்டு 1624இல் கோட்டை கட்டினார்கள். பறங்கி வந்து பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு, பறங்கி கட்டிய கோட்டையின் வாசலிலேயே நிற்கிறது. எழுத்து உடைந்த இடங்களை ஊர் மக்கள் வாய்மொழியாகவே நிரப்பிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எனக்கு என் பாட்டி சொல்லித் தந்தார்.

அதே பாட்டி 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதையும் சொல்வார். அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை இறக்காமலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தம்பலகாமத்துக்கு ஓடினார்களாம். எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் அந்தப் பானை இல்லை. அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரிதான்.

அடுத்த முறை வந்தால் உவர்மலையில் இருக்கும் இராணுவ நூதனசாலையையும் ஹூட் கோபுரத்தையும் பாருங்கள். ஹூட் கோபுரம் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அடையாள அட்டை இல்லாமல் போகவேண்டாம். மேலே நின்றால் துறைமுகத்தின் வாய் முழுதும் தெரியும்.

3. கொட்டியாரக்கரை

ரீச்சர், நான் மூதூர்ப் பக்கம். எங்கள் ஊரில் பெண்கள் விடியும்வரை கூத்தும் நாடகமும் பார்ப்பது புதிதல்ல. நீங்கள் விட்ட பிழை ஒன்றுதான்: அறை எடுத்தது.

நாடகம் பார்க்கும் இரவுக்கு அறை வேண்டாம். பகலில் எடுங்கள். பதினொரு மணிபோலக் கோவில், நூதனசாலை எல்லாவற்றையும் முடித்து மதியம் சாப்பிட்டுவிட்டு, ஐந்துவரை தூங்குங்கள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நேரே திருவிழாவுக்கு வாருங்கள். வந்தவுடன் கோவிலைக் கும்பிட்டு, மடப்பள்ளிப் பக்கம் போய் அங்கே நிற்கும் வயதான அம்மா ஒருவரிடம், "நான் மட்டக்களப்பு, தனியாக வந்திருக்கிறேன், விடியும்வரை இருக்கப்போகிறேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் தனியாள் அல்ல. பாயில் இடம் கிடைக்கும். சாமம் ஆனால் போர்வை கிடைக்கும். உங்கள் ஊர், உங்கள் பிள்ளைகள், உங்கள் முழங்கால் வலி எல்லாவற்றையும் விசாரிப்பார்கள், அதற்கு மட்டும் ஆயத்தமாக வாருங்கள்.

கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், ரோர்ச் லைட், நுளம்புக்குப் பூச ஏதாவது. அவ்வளவுதான்.

4. மத்தளக்காரன்

வாவிக்கரை அம்மாவுக்கு வணக்கம். நான் நாற்பது வருடமாக வாசிப்பவன். கூத்துக்கு மத்தளம், நாடகத்துக்கு மிருதங்கம். இங்கே பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள், அதை முதலில் தெளிவாக்க விரும்புகிறேன்.

அம்மா பார்த்தது இசை நாடகம். பழையவர்கள் கொட்டகைக் கூத்து என்பார்கள். தமிழ்நாட்டுக் குழுக்கள் இங்கே வந்து ஆடியதைப் பார்த்து வளர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த பாடங்கள்தான் இன்றும் அடிப்படை. படச்சட்ட மேடை, இழுக்கும் திரை, ஹார்மோனியம், மிருதங்கம், தாளம். ஆட்டம் குறைவு, பாட்டே உயிர். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடியதைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பற்றிக் கதைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

கூத்து வேறு. வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளம், சுற்றிவர மக்கள், திரை கிடையாது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும், மத்தளமும், சல்லரி என்ற கைத்தாளமும் களரிக்குள்ளேயே நிற்பார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவுத் தாளக்கட்டு, அதாவது களரிக்குள் வரும்போதைய தாளச் சொற்கட்டு, உண்டு, அதற்கு ஆடித்தான் வரவேண்டும். வடமோடி என்ற கூத்து வகையில் அரசர்கள் கூடைபோல விரிந்த கனத்த கரப்புடுப்புக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். அந்தப் பாரத்தோடு சுழன்று ஆடிவிட்டு மூச்சு வாங்காமல் பாட வேண்டும். ஆடுபவர் பாடிய தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடும் இடைவெளியில்தான் அவருக்கு மூச்சு.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்துகளைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்தைப் படிக்காதவர்களின் ஆட்டம் என்று இகழ்ந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த முயற்சியில் பிறந்த 'இராவணேசன்' கூத்து பெரிய சாதனை, அதை எழுதிய மௌனகுரு ஐயாவின் உழைப்பை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஆனால் அதைச் சாட்டாக வைத்து இப்போது திருவிழாக்களில் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்துக்கு வெட்டச் சொல்கிறார்கள். பத்து மணிக்கு முடியுங்கள், அடுத்து இன்னிசைக் குழு இருக்கிறது என்கிறார்கள். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அரிச்சந்திரன் நாட்டை இழந்து, மனைவியையும் மகனையும் விற்று, கடைசியில் வீரவாகுவுக்கு அடிமையாகி, சுடலை காக்க வருவதற்கு ஓர் இரவு வேண்டும். பார்ப்பவரும் அந்த இரவைக் கண்விழித்துக் கழித்திருக்க வேண்டும். மகனின் உடலைத் தோளில் சுமந்து சந்திரமதி வரும்போது, தன் மனைவி என்று தெரியாமலே "கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் வை" என்று கேட்கிறானே, அது ஒன்பதே முக்காலுக்கு வந்தால் வெறும் பாட்டு. நான்கு மணிப் பனியில் வந்தால் கேட்பவன் எலும்பில் இறங்கும். வாசிக்கிற எனக்கே கை நடுங்கியிருக்கிறது.

அம்மா, நீங்கள் திரும்பி வாருங்கள்.

5. பனித்தேசம் (கனடா)

மத்தளக்கார ஐயாவின் வேதனை புரிகிறது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. எங்கள் பிள்ளைகள் பனிக்காலத்தில் விடியும்வரை எங்கே இருந்து பார்ப்பார்கள்? இரண்டு மணி நேரக் கூத்தாவது இருப்பதால்தான் என் மகள் தாளக்கட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டாள். சுருக்கியதைப் பார்த்துவிட்டுத்தான் முழுவதையும் பார்க்கவேண்டும் என்று இப்போது கேட்கிறாள்.

இன்னொன்று. வாவிக்கரை அக்காவின் கேள்வியை நான் வேறுவிதமாகக் கேட்கிறேன். திருமலையில் பீரங்கிக்கு நூதனசாலை இருக்கும்போது கரப்புடுப்புக்கும் கிரீடத்துக்கும் ஏன் இல்லை? இங்கே நான் போன நூதனசாலைகளில் பூர்வகுடிகளின் ஆட்ட உடைகள், முகமூடிகள், பாட்டு ஒலிப்பதிவுகள் எல்லாம் ஓர் அறை முழுக்க இருக்கின்றன.

6. பாலையூற்று

பனித்தேசம் அண்ணா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை இல்லை.

1950இல் எங்கள் நகரசபை கோட்டைக்குக் கிட்டக் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார். பறங்கிக்குப் பயந்து மக்கள் புதைத்து வைத்தவை. உலகத்தின் எந்த நூதனசாலையும் அவற்றை வாங்கக் கைநீட்டியிருக்கும். நம்மவர்கள் அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோய், 1963இல் கோணேசர் கோவில் குடமுழுக்கின்போது மறுபடியும் கோவிலிலேயே வைத்தார்கள். கடலுக்கடியில் 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் பழைய கோவிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். அங்கே கிடைத்த இலிங்கமும் கோவிலுக்கே போனது. காலையில் வாவிக்கரை அக்கா கும்பிட்ட இடத்தில்தான் இவை இருக்கின்றன. அந்தத் திருமேனிகளுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்திருந்தால் தேதி எழுதிய அட்டை கிடைத்திருக்கும், பூ கிடைத்திருக்காது.

அதனால் உடுப்பையும் கிரீடத்தையும் பூட்டிவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆடும் மனிதர்களிடமே இருக்கட்டும்.

7. மத்தளக்காரன்

பாலையூற்றுத் தம்பி, உங்கள் அன்பு பெரியது. ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். உடுப்பு போனால் புதிதாகக் கட்டலாம். கொப்பி போனால்?

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாவியார் வீட்டில் ஏட்டிலிருந்து பார்த்தெழுதிய கொப்பிகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. 1990இல் இடம்பெயர்ந்து ஓடும்போது அரிசியையும் பிள்ளைகளையும்தான் தூக்க முடிந்தது. திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது, உள்ளே கறையான் மண். அதிலிருந்த ஒரு கூத்தின் பாதித் தருக்கள் இப்போது அவருடைய நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவருக்கு எண்பத்திரண்டு வயது.

பனித்தேசம் ஐயா கேட்பது அறையாக வேண்டாம். அந்தக் கொப்பிகளுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும். அதை நான் முழுமனதோடு கேட்கிறேன்.

8. உவர்மலை

ஐயா, நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்து எல்லோரும் வாசிக்கும்படி இணையத்தில் வைத்து வருகிறது. கையெழுத்துப் பிரதிகளும் சேர்க்கிறார்கள். கொப்பி வீட்டைவிட்டு வெளியே போகவேண்டாம், ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்தால் போதும். அண்ணாவியார் சம்மதிப்பாரா?

9. மத்தளக்காரன்

கேட்டுப் பார்க்கிறேன். இருக்கும் கொப்பிகளை அவர் எவருக்கும் கொடுப்பதில்லை. ஒருமுறை ஒருவர் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை.

10. வாவிக்கரை (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் நன்றி. கொட்டியாரக்கரைத் தங்கச்சி சொன்னபடியே செய்தேன். நேற்றுக் காலைதான் வீடு திரும்பினேன். தூங்கி எழுந்து இதை எழுதுகிறேன்.

இந்த முறை நகரம் பார்ப்பதைச் சுருக்கிக்கொண்டேன். ஹூட் கோபுரத்துக்கு மட்டும் போனேன். உவர்மலைத் தம்பி சொன்னது உண்மை. அங்கிருந்து பார்த்த பிறகுதான் அந்த 1782 கதை எனக்குப் பிடிபட்டது. இறங்கி வரும்போது பழைய ஆங்கிலேயர் மயானத்தையும் பார்த்தேன். ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில எழுத்தாளரின் தம்பி சார்லஸ் ஆஸ்டின் கடற்படைத் தளபதியாக இருந்து 1852இல் பர்மாவில் இறந்தார், அவரை அடக்கம் செய்தது திருகோணமலையில்தான். எங்கோ பிறந்து எங்கோ நோயில் இறந்து இந்த மண்ணில் கிடக்கிறார். இரவு பார்க்கப்போவதும் ஒரு சுடலைக் கதை என்ற நினைவோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மதியம் தூக்கம். ஏழு மணிக்குத் திருவிழா. மடப்பள்ளியில் ஓர் அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம் வந்துவிட்டது, சர்க்கரைப் பொங்கல். பாயில் ஐந்து பெண்கள், இரண்டு குழந்தைகள், நான். நடுச்சாமத்தில் விசுவாமித்திரர் கடன் கேட்டு நெருக்கும் காட்சியில் எங்கள் பாயில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். எனக்கும் கண் செருகியது. பக்கத்தில் இருந்த ஆச்சி சுருண்டு படுத்து நன்றாகக் குறட்டை விட்டார்.

நாலு மணி இருக்கும். ஹார்மோனியம் மாறியது. முகாரி என்று நினைக்கிறேன். எவரும் எழுப்பாமலே ஆச்சி எழுந்து உட்கார்ந்து, தலையை அள்ளி முடிந்துகொண்டு, என் முழங்காலில் தட்டி, "பிள்ளை, இனித்தான்" என்றார். பாய் முழுவதும் விழித்துக்கொண்டது. பனி இறங்கி மேடை விளக்கைச் சுற்றிப் புகைபோல நின்றது. சந்திரமதி வந்தார். மத்தளக்கார ஐயா, நீங்கள் எழுதியது ஒரு சொல்லும் மிகையில்லை. முழத்துண்டு கேட்ட இடத்தில் ஆச்சி தன் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்பாவின் மடி நினைவுக்கு வந்தது. அவர் வேட்டியில் சுருட்டு வாசனை இருக்கும்.

விடிந்த பிறகு மேடைக்குப் பின்னால் போனேன். சந்திரமதியாக நடித்தவர் அரைமுகம் கழுவி, அரைமுகம் அரிதாரத்தோடு பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். பகலில் மேசன் வேலையாம். மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "வாவிக்கரையா?" என்று கேட்டார். நம் மத்தளக்கார ஐயா!

அவரே என்னை அண்ணாவியார் வீட்டுக்கு அழைத்துப்போனார். அண்ணாவியார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கணித ஆசிரியை என்றதும், ஆதிதாளத்துக்கு எத்தனை அட்சரம் என்று கேட்டார். எட்டு என்றேன். எழுந்துபோய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். திண்ணையில் வெளிச்சம் விழும் இடத்தில் வைத்து, அவரே பக்கம் புரட்ட, நான் தொலைபேசியில் படமெடுத்தேன். 61 பக்கங்கள். பிறகு மின்கலம் தீர்ந்துவிட்டது. அந்தக் கொப்பியில் இன்னும் பாதி இருக்கிறது, உள்ளே வேறு மூன்று கொப்பிகள் இருக்கின்றன. "மறுபடி வாருங்கள்" என்றார்.

அடுத்த மாத முதல் சனிக்கிழமை போகிறேன். என் படங்களில் சில மங்கலாக விழுந்திருக்கின்றன. முறையாகப் படமெடுக்கத் தெரிந்த எவராவது வர முடியுமா?

11. உவர்மலை

நான் வருகிறேன் அக்கா. கமராவும் தாங்கியும் என்னிடம் இருக்கின்றன. பஸ் நிலையத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே நிற்பேன்.

12. கொட்டியாரக்கரை

சனி மதியச் சாப்பாடு என் பொறுப்பு. ஆச்சிக்கும் சேர்த்துக் கொண்டுவருகிறேன். அவர் என் மாமியார்.